பாசி தின்னும் மீன்

மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் புறப்பட்டபோது, முன்னறையிலிருந்த நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியை என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். உள்ளே மஞ்சளும் நீலமுமாய்ப் பதினோரு சிக்லிட் மீன்கள்; ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்டவை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரே இவற்றுக்கு உகந்தது. காளவாசலில் நாங்கள் முகம் சுளித்துக் குளிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரை விரும்பி ஏற்ற உயிர்கள் எங்கள் வீட்டில் இவை மட்டும்தான்.

"அப்பா, புதுசா எதையும் வாங்கி உள்ள விட்றாதீங்க" என்பது அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியம்.

இரண்டே மாதங்களில் கண்ணாடி பச்சை பூத்தது. பசலையைப் பாசிக்கு ஒப்பிடும் பரணரின் குறுந்தொகைப் பாடலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். துடைத்த இடத்தில் மறுவாரமே படரும் அதன் பிடிவாதத்தை வீட்டில் கண்டபிறகுதான், அப்புலவர் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார் என்பது விளங்கியது.

புறவழிச்சாலைக் கடையொன்றில் விசாரித்தேன். "சக்கர் மீன் போடுங்க சார், கண்ணாடியத் தொடச்சு வச்ச மாதிரி ஆக்கிரும்." இரண்டங்குலக் கறுப்புச் சக்கர் ஒன்றும், பொன்னிறத்தில் 'ஆல்கே ஈட்டர்' ஒன்றும் வாங்கினேன். பொன்னிறத்தான் குட்டியாக இருந்தவரை பாசி தின்றான். வளர்ந்ததும் ருசி மாறியது. சிக்லிட்டுகளின் விலாவில் ஒட்டிக்கொண்டு, உடல்மேலுள்ள கோழைப்படலத்தைச் சுரண்டத் தொடங்கினான். இவ்வினத்தின் இயல்பே அதுவாம். மகள் ஆசையாக வளர்த்த நீல மீன் ஒரு காலையில் மிதந்தது.

தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தன தடவ தீனி போடுறீங்க?" என்றாள்.

மூன்று வேளை. அதுவன்றி, காலை வெயில் விழட்டுமே என்று சன்னல் திரையையும் விலக்கி வைத்திருந்தேன். எஞ்சிய தீனியும் கழிவும் நீரில் கரைந்து உரமாக, வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? இதைவிட வெட்கம் ஒன்றுண்டு. மலாவியின் பாறையிடுக்குகளில் வாழும் இந்த 'ம்புனா' வகையினரே பாறைமேல் படரும் பாசியைக் கொறித்து வாழ்பவர்கள். பாசி தின்னிகளின் வீட்டுக்குப் பாசி தின்னியைத் தேடி அலைந்திருக்கிறேன்! துணைக்கு ஒன்று வேண்டியே தீருமென்றால், ஐந்தங்குல அளவில் நின்றுவிடும் 'பிரிசில்நோஸ்' கெளுத்தியை, ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாயும் இட்டு, விடலாம் என்றாள். தீனியை ஒருவேளையாக்கித் திரையை இழுத்துவிட்டதிலேயே பாதிப் பச்சை அடங்கிவிட்டது.

சக்கர் மட்டும் அடங்கவில்லை. ஓராண்டில் முக்கால் அடி. ஒன்றரை அடிவரை போகும் இனமென்று பிறகு அறிந்தேன். "மாடக்குளம் கண்மாயில விட்டுட்டு வந்துருங்களேன்" என்றாள் மனைவி. எனக்கும் அது புண்ணியமாகவே பட்டது. ஈரச் சாக்கால் மூடிய வாளியுடன் கரையேறினேன்.

கரையில் பெரியவர் ஒருவர் தூண்டிலிட்டிருந்தார். பையில் ஏழெட்டு மீன்கள், எல்லாமே ஜிலேபிக் கெண்டை. நம்மூர் மீன் என்றே நாம் நம்பும் அதுவும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952இல் வளர்ப்புக்கென இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே காத்துப் பெருகி, குளங்களைத் தனதாக்கிக்கொண்டது. தென் அமெரிக்கச் சக்கரும் அதே வழியில்தான் இருக்கிறது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பியும் தள்ளப்பட்டும் சென்னைப் புறநகர் ஏரிகள்வரை பரவிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும், காற்றை விழுங்கி நெடுநேரம் உயிர் தாங்கும்.

"வாளியில என்ன தம்பி?" என்றார் பெரியவர். சாக்கை விலக்கிக் காட்டினேன். "இது வலையில சிக்குனா முள்ளு வலையவே கிழிச்சிரும். இங்கயா விடப் போறீங்க?"

இல்லை என்றேன்.

இப்போது அது மொட்டைமாடியில், பழைய சிமெண்டுத் தொட்டியில், தென்னங்கீற்று நிழலில் கிடக்கிறது. பொங்கலுக்கு மகள் வருகிறாள். மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டத்தான் வேண்டும்.