‘கிடி’ என்றோர் ஆங்கிலச் சொல்

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணிக்குச் சொல்லாராய்ச்சி எதற்கென்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லால் நம் வீட்டில் விளைந்த தீங்கு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

அச்சொல் ‘கிடி’ என்பது. ஜி, ஐ, டி, டி, ஒய் என ஐந்தெழுத்து. தலைசுற்றல் என்பது அதன் ஒரு பொருள். பொறுப்பின்றிச் சிரித்துத் துள்ளித் திரியும் விளையாட்டுப் புத்தி என்பது மற்றொன்று.

நமக்குப் பதினான்கு வயது நடக்கையில், பட்டணத்து ஆங்கிலப் பாடசாலையிலிருந்து நம் தங்கையின் தேர்ச்சி அறிக்கை வந்தது. கணக்கில் அவள் வகுப்பிலேயே இரண்டாமவள். ஆயினும் அறிக்கையின் அடியில், கெட்டிக்காரிதான் ஆனால் ‘கிடி’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். தந்தையார் பால்மரம் வெட்டுபவர், ஆங்கிலம் அறியார். “இதுக்கு என்னடா அர்த்தம்?” என்று நம்மைக் கேட்டார். ஆங்கிலம் கற்கிறோம் என்னும் செருக்கு அப்போது நமக்கு மிகுதி. சிறிதும் தயங்காமல், “சபல புத்தியாம் அப்பா” என்றோம். லயத்தில் அச்சொல் பெண்பிள்ளைமேல் விழுந்தால் என்ன பொருள்படும் என்பது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அடுத்த தவணைக்குத் தங்கை பாடசாலைக்குப் போகவில்லை. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

பல்லாண்டு சென்றபின், பட்டணத்து நூல்நிலையத்தில், 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து நிறைவெய்திய ஆக்ஸ்போர்டுப் பேரகராதியில் அச்சொல்லைத் தேடினோம். கண்டது நம்மைத் திடுக்கிடச் செய்தது. பண்டை ஆங்கிலத்தில் ‘கிடிக்’ என வழங்கிய இச்சொல்லின் பொருள் பித்துப் பிடித்தவன் என்பதாம். அதன் வேரோ, கடவுளைக் குறிக்கும் ‘காட்’ என்னும் சொல்லின் வேரே என்பது அறிஞர் கருத்து. அதாவது தெய்வமோ ஆவியோ ஏறியவன்! 16ஆம் நூற்றாண்டில் அந்தத் தெய்வம் இறங்கிவிட்டது. தலைசுற்றலும் விளையாட்டுப் புத்தியுமே எஞ்சின. அதற்கும் பின்னர், கோமாளித்தனம் செய்பவனைக் ‘கிடி’ ஆடு என்று கேலி பேசலாயினர். ஆடு என்ன செய்தது பாவம்!

இதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. இன்று தலைசுற்றலைக் குறிக்கும் ‘டிஸி’ என்னும் சொல் பண்டு மூடனைக் குறித்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கில மத்தேயு சுவிசேஷத்தில், மணல்மேல் வீடு கட்டியவனுக்கு அச்சொல்லே அடைமொழி. பித்தன் தலைசுற்றுபவனானான், மூடனும் தலைசுற்றுபவனானான். அசட்டுத்தனத்துக்கு வழங்கும் ‘ஸில்லி’ என்பதோ முன்பு பேறு பெற்றவர் என்று பொருள்பட்டது. ஜெர்மானியர் அதன் உடன்பிறந்த சொல்லை இன்றும் அப்பொருளிலேயே ஆளுகின்றனர்.

‘கிடி’யைப் பெரும்பாலும் இளம்பெண்கள்மேல் எறியவே நாம் கேட்டிருக்கிறோம். ஷேக்ஸ்பியரோ, 1623இல் முதன்முதல் அச்சேறிய ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், ஆடவரின் மனமே பெண்டிர் மனத்தினும் ‘கிடி’ என்று ஒரு பிரபு தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளும்படி செய்திருக்கிறார். ஆசிரியை அந்நாடகத்தைப் படித்தாரோ, அறியோம்.

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் சிலருக்குச் சாமி வரும். சாமி வருவதில் நமக்கு நம்பிக்கையில்லை என்பதை இவ்வேட்டின் நேயர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைவிரித்தாடும் அவர்கள் காலில், வயது முதிர்ந்த கங்காணிமாரும் விழுந்து திருநீறு பெறுவதைக் கண்டிருக்கிறோம். நம் தங்கை தலைவிரித்தாடினாளில்லை, வகுப்பில் சிரித்தாள்.

சென்ற மாதம் அவள் வீட்டிற்குப் போயிருந்தபோது இவற்றையெல்லாம் விரிவாக எடுத்துரைத்தோம். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அன்னிக்கு அப்பாகிட்ட தலைசுத்தல்னு சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு கசாயத்தோட போயிருக்குமே!”

சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தாள். அவள் மகள் உள்ளிருந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.