சூரியன் என்றைக்குத் திரும்பியது?

சேலம் அம்மாபேட்டையில் மார்கழி விடியலில் ஒரு தெருவை நடந்து கடந்தாலே போதும். ஜால்ரா தட்டிக்கொண்டு பஜனைக் கூட்டம் போகும். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ இருக்கும். நாலு வீடு தள்ளி வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் அணைக்கப்படாமல் எரியும். வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, கிறிஸ்துமஸ், போகி, பொங்கல் எல்லாம் இந்த ஐந்தாறு வாரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஏன் இப்படி ஒரே இடத்தில் குவிகின்றன என்று தேட ஆரம்பித்தேன்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே பதில்: குளிர்கால இருட்டைப் போக்க மனிதன் விளக்கேற்றிக் கொண்டாடினான். ஸ்டாக்ஹோமுக்கு இது சரி. அங்கே டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்தான். சேலத்தில் ஆண்டின் மிகக் குறைந்த பகலே சுமார் 11 மணி 26 நிமிடம். மிக நீண்டது 12 மணி 48 நிமிடம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத இந்த வித்தியாசத்தைக் கண்டு பயந்தா நம்மவர்கள் பொங்கல் வைத்திருப்பார்கள்?

பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது வேறொரு சிக்கல் கிடைத்தது. தை முதல் தேதிக்கு நேரே ‘உத்தராயண புண்ணிய காலம்’ என்று போட்டிருந்தது. சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் புத்தகமோ அது டிசம்பர் 21, 22 என்கிறது. இரண்டில் எது சரி?

வீட்டில் துணி அளக்கிற ஒரு மீட்டர் இரும்புக்கோல் இருக்கிறது. அதை மொட்டை மாடியில் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தினேன். சேலத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பன்னிரண்டே காலைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்து நிழலைச் சாக்பீஸால் குறித்துவந்தேன். டிசம்பர் 22 வாக்கில் நிழல் 70 சென்டிமீட்டர். அதற்கு மேல் நீளவில்லை. பொங்கலன்று 65. அதாவது, நாம் சூரியனுக்குப் படைக்கும்போது அது திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தச் சோதனை என் யோசனை அல்ல. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் சொல்லிவைத்தது. பழைய நூல்கள் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் என்கின்றன, இப்போதோ மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்கிறது என்று எழுதியவர், சந்தேகம் இருந்தால் நிழலை அளந்து நேரில் பார்த்துக்கொள் என்கிறார். பண்டிகைக்கு அடிப்படையான நாள் இடம் மாறும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு. பம்பரம் தலையாட்டுவதுபோல அது மெல்லச் சுழல்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவங்களோ சூரியனை வைத்து வருகின்றன. இரண்டுக்கும் ஆண்டுக்கு சுமார் 20 நிமிடம் வித்தியாசம். 72 வருஷத்தில் அது ஒரு நாள் ஆகிவிடும். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. தேதி 1863 ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15-ல் வருகிறது. இதே கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

அடுத்துக் கிறிஸ்துமஸ். இயேசு பிறந்த தேதியை பைபிள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி தெளிவாகத் தென்படுவது ரோமில் 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டியில். அங்கே அதே தேதியில் சூரியனுக்கும் விழா குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த விழாவையொட்டித்தான் தேதி வந்தது என்பது ஒரு சாராரின் வாதம். மார்ச் 25-ல் கருவுற்றதாக வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொரு சாராரின் வாதம். எது சரியானாலும் அடிப்படை ஒன்றுதான். ஜூலியஸ் சீசர் கி.மு. 45-ல் கொண்டுவந்த நாள்காட்டியில் மார்ச் 25 பகலும் இரவும் சமமாகும் நாள். டிசம்பர் 25 சூரியன் திரும்பும் நாள். அந்தக் கணக்கும் நழுவியது; 1582-ல் போப் கிரிகோரி பத்து நாளை நீக்கிச் சரிசெய்தார். பழைய கணக்கை விடாத ரஷ்யத் திருச்சபைக்கு இன்றும் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான்.

ஆக, நட்சத்திரம் கட்டிய வீடும் பொங்கல் வைக்கும் வீடும் குறிப்பது ஒரே திருப்பத்தைத்தான். நடுவிலுள்ள இருபது நாள், இரண்டு நாட்டுக் கணக்கர்கள் ஆண்டை அளந்த விதத்தில் வந்த வித்தியாசம்.

எல்லோரும் இப்படி நழுவவிடவில்லை. ஈரானியர்கள் மாதுளையும் தர்பூசணியும் வைத்து விழித்திருக்கும் யல்தா இரவு, சீனர்கள் இனிப்பு மாவுருண்டை உண்ணும் தோங்ஜி நாள் இரண்டும் இன்றும் உண்மையான திருப்பத்தன்றே வருகின்றன. பஞ்சாபின் லோரி நெருப்பும் அசாமின் மாக் பிஹு நெருப்பும் நம் போகியோடு சேர்ந்து மகரக் கணக்கிலேயே நிற்கின்றன. ரம்ஜானுக்கு இந்த வழக்கே இல்லை; சந்திரனை மட்டும் வைத்து எல்லாப் பருவத்தையும் சுற்றிவருகிறது.

தப்பைத் திருத்திவிடலாமே என்று தோன்றும். இந்திய அரசு முயன்று பார்த்தது. 1952-ல் மேகநாத் சாஹா தலைமையில் குழு அமைத்து, 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல், சூரியன் திரும்பும் நாளை ஒட்டிச் சரியாகப் பிறக்கிறது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. பொங்கல் நகரவே இல்லை.

நகராததில் நியாயம் இருக்கிறது. டிசம்பர் 22-ல் வடகிழக்குப் பருவமழையே முழுசாக விட்டிருக்காது. சம்பா பயிர் பல இடங்களில் வயலில்தான் நிற்கும். கரும்பும் மஞ்சள் கொத்தும் சந்தைக்கு வருவது பொங்கலைக் கணக்குப் பண்ணித்தான். தறிக்காரர்களுக்கும் அது கெடு. 1983-ல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்துக்கு சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத் தறிகள் பல மாதம் முன்பே ஓட ஆரம்பிப்பது பொங்கலுக்குள் துணி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

பண்டிகை பிறந்தது வானத்தைப் பார்த்து என்பதற்கு என் மொட்டை மாடி நிழலே சாட்சி. ஆனால் அதை அந்தத் தேதியில் பிடித்துவைத்திருப்பது வயலும் சந்தையும் தறியும்தான். சூரியன் முன்னால் போய்விட்டதை இவர்களில் யாரும் புகாராகச் சொல்லி நான் கேட்டதில்லை.