ஹான்ஃபோர்டில் ஒரு கோடை

அமெரிக்காவின் வடமேற்கே, வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லாண்ட் நகரைக் கடந்து வடக்கே சென்றால், ஹான்ஃபோர்டின் வறண்ட நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. மழை அரிது, மரம் அதனினும் அரிது. 1945இல் நாகசாகி நகரை அழித்த அணுகுண்டுக்கான புளூட்டோனியம் இப்பகுதியில்தான் உருவாக்கப்பட்டது.

அழிவுக்குத் துணைபோன அதே மண்ணில், இன்று வானுக்குச் செவிசாய்த்து நிற்கிறது லைகோ ஆய்வகம். செங்கோணத்தில் பிரியும் இரு குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளம். காற்று நீக்கப்பட்ட அவற்றினுள் லேசர் ஒளி ஓடி, கோடியிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. ஈர்ப்பலை கடந்து செல்லும்போது அத்தொலைவில் நேரும் மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தினும் மிகச் சிறியது! இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த அலை, 2015 செப்டம்பர் 14 அன்று லூசியானாவிலுள்ள லிவிங்ஸ்டன் ஆய்வகத்தை முதலில் தொட்டு, ஏறத்தாழ 7 மில்லி விநாடிகளில் இங்கும் பதிவாயிற்று.

இத்தகைய இடத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கால்டெக் பல்கலைக்கழகத்தின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தின் வழியே இளைஞர்கள் பத்து வாரங்கள் உதவித்தொகையுடன் லைகோவின் ஆய்வுகளில் பங்கேற்று வந்துள்ளனர். சிலர் கால்டெக்கிலேயே பணியாற்றுவர். சிலர் இந்த ஆய்வகங்களுக்கே வருவர். ஆளுக்கொரு வினா, வழிகாட்ட ஒரு விஞ்ஞானி, முடிவில் ஓர் உரையும் அறிக்கையும்.

அவ்வினாக்களுள் பல விண்மீனைப் பற்றியவை அல்ல, இரைச்சலைப் பற்றியவை. 2017 கோடையில் ஹான்ஃபோர்டு கருவியில் விளங்காத அதிர்வுகள் தோன்றின. ஆராய்ந்தபோது ஒலிவாங்கியில் கொத்தும் ஓசை கேட்டது. திரவ நைட்ரஜன் அமைப்பின் குழாய்மீது உறைந்திருந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்தியிருந்தன! காக்கையின் அலகு எது, கருந்துளையின் அலை எது என்று பிரித்தறியாமல் இங்கே எதையும் கண்டதாகச் சொல்ல இயலாது.

விண்ணைத் துழாவ வந்த மாணவன், ஓர் ஓசையின் காரணத்தை மட்டும் கண்டு வீடு திரும்பக்கூடும். "இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று பெற்றோர் கேட்டுவிடலாகாது. தன் காதில் விழுந்ததை உடனே நம்பாமல் சோதித்தறியும் பயிற்சி, ஆயுளுக்கும் உதவும் கல்வி.

மராட்டிய மாநிலத்தின் ஹிங்கோலி மாவட்டத்திலும் இத்தகைய ஆய்வகம் அமைக்க 2023இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. அங்கே பொறுமையுடன் செவிமடுக்கப் போகும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்களில்தான் படித்துக்கொண்டிருக்கக் கூடும்.