தூர்மலே மலைப்பாதையிலே

பிரான்சு தேசத்தின் தென் எல்லையிலே, ஸ்பெயினுக்கும் அதற்கும் இடையே மதில்போல் நீண்டு கிடப்பது பிரெனே மலைத்தொடர். அங்கே தூர்மலே என்றொரு கணவாய் உண்டு. அதன் உயரம் 2,115 மீற்றர். 1903 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘தூர் டி பிரான்ஸ்’ என்னும் நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பந்தயம், 1910 ஆம் ஆண்டிலே முதன்முதலாக இக்கணவாயைக் கடந்தது. அன்று தொட்டு, வீரர்களின் உடல்வலியை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோலாக இப்பாதை விளங்குகின்றது.

கணவாயின் கிழக்குப் புறத்திலுள்ள சென் மரி டி கம்பான் என்னும் சிற்றூரிலிருந்து நாம் புறப்படுவோம். உச்சிக்குப் பதினேழு கிலோமீற்றர் உண்டு. முதலிற் பாதை பசும்புல் வெளிகளினூடே மெல்ல ஏறுகின்றது. இதுதானா அந்தப் பேர்பெற்ற ஏற்றம் என்று நாம் எண்ணும் வேளையில், மலை தன் சுயரூபத்தைக் காட்டிவிடுகின்றது. நூறு மீற்றர் முன்னேற எட்டு, ஒன்பது மீற்றர் மேலே ஏறவேண்டும். சமதரையிலே வண்டியோட்டிக்குப் பகை காற்று. இங்கோ தன் உடலின் பாரமே பகை. தொடைகள் எரிகின்றன. உச்சியை நெருங்கும்போது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். தசைகளிற் சேர்த்துவைத்த மாச்சத்தோ சில மணி நேரத்திலே தீர்ந்துவிடும். வழியில் உண்ணத் தவறியவனுக்குக் கண் இருண்டு கால் துவளும். உச்சியை அடைந்தாலும் துன்பம் ஓய்வதில்லை. இறக்கத்தின் வேகக்காற்று வியர்வையில் நனைந்த உடலை நடுங்க வைக்கின்றது. பிரேக்கைப் பற்றும் விரல்கள் விறைத்துப்போகின்றன.

1910 இல் வீரர்கள் கண்ட பாதை கல்லும் புழுதியும் நிறைந்தது. ஒரே நாளில் அவர்கள் ஓடவேண்டிய தூரம் 326 கிலோமீற்றர். ஏற்றத்துக்கேற்பக் கியர் மாற்றும் பொறிக்கு இப்பந்தயத்தில் அனுமதி கிடைத்ததும் 1937 இலேதான். ஒக்தாவ் லாப்பீஸ் என்னும் வீரர் சிறிது மிதித்தும், சிறிது வண்டியைத் தள்ளி நடந்தும் உச்சியை முதலில் அடைந்தார். அவருக்குப் பின்வந்த கரிகூவோ ஒருமுறையேனும் இறங்காமலே ஏறி முடித்தார். ஆயினும் அன்றைய ஓட்டத்தையும் முழுப் பந்தயத்தையும் வென்றவர் லாப்பீஸே.

மூன்றாண்டுகளின் பின், 1913 இல், இயூஜின் கிறிஸ்தோப் என்பவர் இதே பாதையால் கீழிறங்கினார். வெற்றி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வேளையில் முன்சில்லைத் தாங்கும் கவைத்தண்டு முறிந்தது. பிறர் உதவி பெறுவது விதிக்கு மாறு. வண்டியைத் தோளிற் சுமந்து, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, நாம் புறப்பட்ட அதே சிற்றூரை அடைந்தார். அங்குள்ள கொல்லன் பட்டடையிலே தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். துருத்தி ஊத ஒரு சிறுவன் துணைநின்றான். அதற்கும் தண்டனை விதிக்கப்பட்டது! ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிந்தியும் அவர் பந்தயத்தைக் கைவிடவில்லை. பாரிசு நகரை ஏழாமவராக அடைந்தார்.

இன்று உச்சியிலே ஒரு வண்டியோட்டியின் பேருருவச் சிலை லாப்பீஸின் ஏற்றத்தை நினைவூட்டுகின்றது. அடிவாரத்திலே ஒரு நினைவுப் பலகை கிறிஸ்தோப்பின் கதையைச் சொல்லுகின்றது. இருவரும் இப்பாதையில் வண்டியை விட்டிறங்கி நடந்தவர்கள். தளர்ந்து இறங்குவதில் இழிவில்லை. இறங்கியபின் நின்றுவிடாமல் நடப்பதே வீரம் என்பதை இந்த மலை நமக்கு உணர்த்துகின்றது.