நல்ல நாளுக்கென்று வைத்த சப்பாத்து

எங்களில் மூத்தவளுக்குப் பட்டமளிப்பு. அப்பா விடியவே வெளிக்கிட்டு நின்றார். காலில் கறுப்புத் தோல் சப்பாத்து. ஒன்பது வருசத்துக்கு முதல் சுவிஸ் மாமா கொண்டுவந்து கொடுத்தது. பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபப் படியில் ஏறும்போதுதான் கண்டோம்: அப்பா கால் வைத்த இடமெல்லாம் கறுப்பாய் ஏதோ உதிர்ந்து கிடந்தது, காய்ந்த கேக் மாதிரி. உள்ளே போய் இருந்ததும் ஒரு அடி முழுதாகக் கழன்றுவிட்டது. விழா முடியும்வரை காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார். படமெடுக்கக் கூப்பிட்டால், "நீங்கள் எடுங்கோ, எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது" என்றார். கடைசியில் எடுத்த படத்தில் எல்லோரும் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறோம்.

மாமா மலிவுச் சாமான் வாங்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். அம்மாவின் தம்பி என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்பா அதை மொத்தமே நாலு தரம்தான் போட்டிருப்பார். மற்ற நாளெல்லாம் அது எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. சப்பாத்து பெட்டிக்குள், பெட்டி பொலித்தீன் பைக்குள். தேயாத சப்பாத்து எப்படிப் பழுதாகும்?

கொட்டாஞ்சேனையில் அம்மம்மா வீட்டுக்குப் பக்கத்தில், வீதியோரம் குடை விரித்துச் சப்பாத்து தைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். கட்டைவிரலால் அடியை ஒரு தரம் தேய்த்தார். மாவாகக் கொட்டியது.

"இது பசை விட்டதில்ல தம்பி. வெச்சு வெச்சே கெட்டது. போட்டுக் கிழிச்ச சப்பாத்தை நான் தெச்சுத் தந்துருவேன். போடாத சப்பாத்துக்கு என்ன செய்ய?"

அவர் சொன்னது உண்மைதானா என்று தேடிப் பார்த்தோம். இப்படி உதிரும் அடிகள் பெரும்பாலும் பொலியூரித்தேனில் செய்தவை. பாரமில்லை, மெத்தென்று இருக்கும், அதனால் நல்ல விலைச் சப்பாத்துகளிலும் போடுகிறார்கள். அதில் எஸ்டர் பிணைப்புள்ள வகைக்கு ஈரம் ஆகாது. மழையில் நனையத் தேவையில்லை, காற்றிலுள்ள ஈரமே போதும், பிணைப்பு மெல்ல மெல்ல அறும். ஏ.எல். இரசாயனத்தில் படித்த நீராற்பகுப்புத்தான். அறும்போது உண்டாகும் அமிலம் மிச்சத்தையும் வேகமாக அறுக்கும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் தோல் பெல்ட்டிலேயே பூஞ்சணம் பூக்கும். அப்பா பாதுகாப்பென்று கட்டிய பொலித்தீன் பை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது.

மாமாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். சிரித்தார். குளிர்காலத்தில் அவருக்குப் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை. அந்தப் பெரிய சப்பாத்துகளின் வெளிக்கோதும் அநேகமாகப் பொலியூரித்தேன்தானாம். எவ்வளவு பார்த்து வைத்தாலும் பத்து வருசம் தாண்டினால் அவர்கள் நம்புவதில்லை. தகப்பன் காலத்துச் சப்பாத்தைப் பரணிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, மலைச்சரிவில் கோது வெடித்தால் கால் போகும். ஒவ்வொரு பின்னேரமும் உள்மெத்தையைக் கழற்றிக் காற்றில் உலர விடுவார்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே மாட்டார்கள். பனிக்கும் வெள்ளவத்தைக்கும் ஒரே வைத்தியம்: காற்று வேண்டும், சூடு கூடாது.

இப்போது எங்கள் வீட்டுச் சப்பாத்துகள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டன. நனைந்தால் உள்தகட்டை எடுத்துவிட்டு, பழைய பேப்பரைத் திணித்து, நிழலில் ஃபானுக்குக் கீழே வைக்கிறோம். பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்துக் காய்ச்சுவதை நிறுத்தியாயிற்று. வாங்கும்போது அடி எதில் செய்தது என்று கேட்கிறோம். றப்பர் அடியும் பழசாகும், ஆனால் இப்படி மாவாகக் கொட்டாது.

அப்பாவின் சப்பாத்தில் மேல்தோல் நன்றாகவே இருந்தது. கொட்டாஞ்சேனை அண்ணன் பழைய அடியைச் சுரண்டி எடுத்து, றப்பர் அடி வைத்து, சுற்றித் தையலும் போட்டுத் தந்தார். புதுச் சப்பாத்து விலையில் கால்வாசி கூட வரவில்லை. 2022 நெருக்கடியில் சப்பாத்து வாங்க வழியில்லாமல் செருப்போடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக் கண்டவர்கள் நாங்கள். வீதியோரம் இப்படி ஒருவர் இருப்பதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அப்பாவிடம் கேட்காமல் விட்டோம்: ஏன் போடாமல் வைத்திருந்தீங்கள்? கேட்கத் தேவையில்லை. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு சனத்தோடு சனமாக வெளிக்கிட்டபோது, அவர் காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு பையும்தான். அதற்குப் பிறகு கையில் கிடைத்த நல்ல சாமானெல்லாம் "பிறகுக்கு" என்று மேல்தட்டுக்குப் போனது. வந்தாட்களுக்கான கோப்பை, பிரிக்காத சேட்டு, இந்தச் சப்பாத்து.

இப்போது சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். "அடி தேயுது" என்று அம்மா சொன்னால், "தேயட்டும்" என்கிறார். அடுத்த வருசம் எங்களில் இரண்டாவது ஆளுக்குப் பட்டமளிப்பு. படம் கால்வரை எடுப்போம்.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒரு பெட்டி இருக்கும். இன்றைக்கே இறக்கி, அடியைக் கட்டைவிரலால் ஒருக்கா அமத்திப் பாருங்கள். உதிராவிட்டால், நாளைக்கே போட்டுக்கொண்டு வெளியே போங்கள்.