முத்தாபுதுப்பேட்டை: வேலிக்கு வெளியே ஒரு வரலாறு

முத்தாபுதுப்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ‘ஆவடி ஏர்போர்ஸ் பக்கம்’ என்றால் புரிந்துகொள்வார்கள். இந்திய விமானப்படையின் ஆவடி நிலையம் இங்கேதான். அக்கம்பக்கமும் அப்படித்தான்: டாங்கி செய்யும் எச்.வி.எஃப்., ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப்., சி.ஆர்.பி.எஃப். முகாம், புறநகர் மின்ரயில் போய் நிற்கும் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மதிலோ முள்வேலியோ குறுக்கே வரும்.

இந்த வட்டாரத்தின் வரலாறு என்று பொதுவாக இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானம் நிறைவேறியது, 1965இல் எச்.வி.எஃப்.பிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இரண்டும் பெரிய செய்திகள்தான். ஆனால் அந்த டாங்கிக்கு ஸ்பேனர் பிடித்தவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பது இவற்றில் வராது.

அதை எழுதும் வழி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1863 மே 30ஆம் தேதி புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளமொன்றில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். அந்தப் பள்ளம் இருந்ததும் ராணுவக் கன்டோன்மென்டை ஒட்டித்தான்! இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அதிரம்பாக்கத்தையும் அவர் கண்டார். அங்கே பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வில், கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகும் என்று 2011இல் தெரியவந்தது.

ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்களை 1904இல் எழும்பூரில் உள்ள இந்தச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் மறைந்த பிறகு வெளிவந்த பட்டியலில் கற்கள் அவை கிடைத்த ஊர்வாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தக் கற்களைவிட அந்தப் பட்டியல்தான் அவருடைய பெரிய கொடை. எந்த ஊரில், எந்தப் பள்ளத்தில் கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்துபோனால் கோடரி வெறும் கூழாங்கல்தான்.

ஊர் நினைவுகளும் அப்படியே. ‘அந்தக் காலத்துல இங்கெல்லாம் வயல்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அது பெருமூச்சு. எந்த ஏரிக்குக் கீழே, எந்த ஆண்டு வரை, என்ன நெல் என்று கேட்டு எழுதிக்கொண்டால் அது வரலாறு. கதை எழுத நினைப்பவருக்கும் அதுவே முதல் சரக்கு. துருக்கி நாவலாசிரியர் ஓரான் பாமுக் பழைய பொருள்களைத் தேடிச் சேர்த்தபடியே நாவல் எழுதி 2008இல் வெளியிட்டார். அந்தப் பொருள்களுக்காகவே 2012இல் இஸ்தான்புல்லில் ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்தார். நமக்குக் கட்டடமெல்லாம் வேண்டாம். தாத்தாவின் கேட் பாஸ், கேன்டீன் அட்டை, குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று எடுத்த போட்டோ: ஒவ்வொன்றுக்கும் யாருடையது, எந்த ஆண்டு, எந்த இடம் என்று மூன்று வரி போதும். வேலிக்குள் படம் எடுக்கத் தடை உண்டு. வேலிக்கு வெளியே இருக்கும் டீக்கடையைப் பற்றி எழுத யாரிடமும் பாஸ் வாங்க வேண்டியதில்லை.

இதைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவது நல்லது. பூண்டியில் தொல்லியல் துறை 1985இல் அமைத்த அகழ்வைப்பகம் திருவள்ளூர் தாண்டிப் போனால் வந்துவிடும். நம் மாவட்டத்துக் கற்கருவிகளை அங்கே பார்க்கலாம். எழும்பூருக்கு மின்ரயிலில் சென்ட்ரல் வரை போய் மாறிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, பெயர்ப்பலகையில் உள்ள ஊரைக் குறித்துக்கொண்டு வந்து ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்த பக்கத்தில் தங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைப் பற்றி எழுதட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; அதைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.