உயரத்தின் குற்றமா, வண்டியின் குற்றமா?

மணாலி–லே சாலையில் இழுவை இழக்கும் வண்டிகளுக்கு நாடி பார்க்கும் ஊர் கீலாங்

ஜிங்ஜிங்பாரைத் தாண்டியதும் அந்த பெட்ரோல் வேன் திணறத் தொடங்கியது. மூன்றாவது கியர் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தும் வண்டி நடை வேகத்தில்தான் ஊர்ந்தது. ஓட்டுநர் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல இழுத்தது. அதுவும் ஒரு கிலோமீட்டர்தான். மூன்றாவது முறை நின்றபோது பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். லே வரை பேசிய வாடகையில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

மணாலியிலிருந்து லே போகிற சாலை கனரக வண்டிகளையே கலங்கடிக்கும் சாலை. பாராலாச்சா கணவாய் 4,800 மீட்டருக்கும் மேலே. தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. முன்பெல்லாம் முதல் சோதனை 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங்கிலேயே தொடங்கிவிடும். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு அந்த ஏற்றமும் 46 கி.மீ. தூரமும் மிச்சம். ஆனால் சுரங்கத்துக்கு அப்பால் இந்தச் சாலையில் உள்ள கணவாய்களை ஏறித்தான் ஆக வேண்டும். பனி விலகும் கோடையில் திறந்து, மீண்டும் பனி விழும்வரை சில மாதங்களே இந்தப் பாதையில் பிழைப்பு. ஆண்டு முழுவதற்குமான வங்கித் தவணையை அந்த மாதங்களில்தான் டாக்ஸிக்காரர்கள் சம்பாதித்தாக வேண்டும்.

வேன் இறக்கத்தில் உருண்டு வந்து சேர்ந்த இடம் கீலாங். லாஹூல்–ஸ்பிதி மாவட்டத்தின் தலைநகரம். பாகா ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்ஷாப்பில், கையெல்லாம் கிரீஸுடன் முதிய மெக்கானிக். ஓட்டுநர் இளைஞர். ஏற்கெனவே இரண்டு தீர்ப்புகளைக் கேட்டு நொந்துபோனவர். "உயரம்னா அப்படித்தான்" என்றார்கள் சக ஓட்டுநர்கள். கீழே சமவெளியில் ஒரு பட்டறையில், எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். அந்தச் செலவுக்கு வண்டியை விற்பதே மேல்.

உயரம் செய்யும் கெடுதல் பொய்யல்ல. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் ஒரு மூச்சுக்கு உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு குறைகிறது; எரிப்பும் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். சமவெளியில் 37 குதிரைத்திறன் காட்டிய பழைய மாருதி 800, ரோஹ்தாங் உச்சியில் 25ஐக்கூட எட்டாது. கார்புரேட்டர் காலத்தில் தொல்லை இரட்டிப்பு: காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாமல் பாயும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், கரும்புகை கக்கும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. புகை போயிற்று, சக்தி இழப்பு போகவில்லை.

"நிறுத்தி வச்சா மறுபடி இழுக்குதா, பேட்டா?" என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி.

"இழுக்குது உஸ்தாத். பத்து நிமிஷம் நின்னா போதும்."

"பத்து நிமிஷத்துல மலை குட்டையாயிடுமா?"

நோய் பாதி பிடிபட்டுவிட்டது. உயரம் காரணமென்றால் ஓய்வு கொடுத்துப் பயனில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளுபடி. எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டால் கிளச் வழுக்கல். இங்கே இரைச்சலே எழவில்லை. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார், எதுவும் சுடவில்லை. பிரேக் பிடித்துக்கொள்ளவில்லை. ஏர் ஃபில்டரில் தூசி உண்டு, ஆனால் மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தார். காற்று உள்ளே இழுக்கும் சீறல் கேட்டிருந்தால் டாங்கின் காற்றுவழி அடைப்பு என்று பொருள். சத்தமில்லை.

"பெட்ரோல் எங்கே போட்டே?"

ஓட்டுநர் தயங்கினார். மணாலியிலிருந்து வருபவர்களுக்கு கீலாங்குக்கு முன்பே தாண்டி என்ற இடத்தில் பங்க் உண்டு. அடுத்தது 365 கி.மீ. தொலைவில் என்று அங்கே வைத்த பலகை பயணிகளிடையே பிரசித்தம். நடுவே கூடாரக் கடைகளில் கேனில் விற்கும் பெட்ரோல்தான் கதி. போன நடையில் லேயிலிருந்து திரும்பும்போது அவசரத்துக்கு வாங்கி ஊற்றியிருக்கிறார்.

டாங்கை இறக்கியதும் குட்டு வெளிப்பட்டது. அடியில் துருவும் மண்ணும் கொஞ்சம் தண்ணீரும். பெட்ரோலை உறிஞ்சும் பம்பின் வாயிலுள்ள சல்லடையில் சேறு அப்பியிருந்தது. சமதரையில் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். அது வடிந்து வந்துவிடும். ஏற்றத்தில் பசி அதிகம். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச அழுக்கு சல்லடையில் ஒட்டி வழியை அடைத்துவிடும். எஞ்சினை அணைத்தால் அழுக்கு உதிர்ந்து கீழே படியும், வழி திறக்கும். பத்து நிமிட ஓய்வின் ரகசியம் இதுதான்.

டாங்க் கழுவிக் காயவைக்கப்பட்டது. புது சல்லடை, புது ஃபில்டர். மொத்தச் செலவு, போன வாடகையில் ஒரு சிறு பகுதி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு மேலே ஏறும் மடாலயப் பாதையில் வெள்ளோட்டம். வேன் நிற்காமல் ஏறியது. பாராலாச்சாவில் முக்கத்தான் செய்யும், அதற்கு மருந்து கிடையாது என்று எச்சரித்தே அனுப்பினார் மெக்கானிக். ஏசியை அணை, மேலே சாமானைக் குறை, முதல் கியரில் பொறுமையாகப் போ.

சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகள். பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாக விடப்பட்ட கிளீனர் பனியில் சிக்கி, தண்ணீர் கேட்டே உயிர்விட்டான் என்று அங்கே ஒரு கதை உண்டு. அவன் நினைவாக எழுப்பிய சிறு மாடத்தில், கடந்து போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்தச் சாலையில் வண்டி நின்றுபோவதன் அர்த்தம் ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

அடுத்த நடையில் வேன் அந்த வளைவுகளை ஏறியது. மெதுவாக, ஆனால் நிற்காமல். சீட்டுக்கடியில் ஒரு உபரி ஃபில்டர், பெட்ரோல் வடிகட்ட ஒரு மெல்லிய துணி. மாடத்தருகே இறங்கிய ஓட்டுநர் ஒன்றுக்கு இரண்டாக பாட்டில்களை வைத்தார்.